தகரத் தவளை வாத்தியாரான கதை

எங்கள் வீட்டு மல்லிக்கு எடை ஐந்தரைக் கிலோ. பிடிவாதம் ஐம்பது கிலோ. பொமரேனியன் என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். தமிழ்நாட்டில் அந்தப் பெயரில் வளரும் வெள்ளை நாய்களில் பல உண்மையில் இந்தியன் ஸ்பிட்ஸ் என்று பிறகு ஒரு கால்நடை மருத்துவர் சொன்னார். அதற்குள் பெயர் வைத்தாகிவிட்டது, சோபாவின் ஒரு கையும் போய்விட்டது. பால்காரர், கூரியர் பையன், எதிர்வீட்டுப் பூனை, கொடியில் ஆடும் வேட்டி என்று எதைக் கண்டாலும் ஒரே குரைப்பு. வீட்டில் எல்லோரோடும் தமிழ் பேசும் நாம் நாயோடு மட்டும் ஏனோ இங்கிலீஷ் பேசுகிறோம். நான் "சிட்" என்பேன். மகள் "சிட் டவுன் பேபி" என்பாள். அம்மா மட்டும் "உக்காருடி கண்ணு" என்பார். எந்த மொழியிலும் மல்லி உட்காரவில்லை.

கடைசியில் நாய் பழக்கும் தம்பி ஒருவரை வரவழைத்தோம். இருபத்தைந்து வயதிருக்கும். கையில் தடித்த சங்கிலியோடு வருவார் என்று எதிர்பார்த்திருந்தேன். வந்தவர் முதலில், "சார், கழுத்துல இருக்கறதக் கழட்டிருங்க" என்றார். பிறகு சட்டைப் பையிலிருந்து கட்டைவிரல் அளவு பிளாஸ்டிக் பெட்டி ஒன்றை எடுத்து அமுக்கினார். டிக்-டக். உடனே வேகவைத்த கோழியில் பட்டாணி அளவு ஒரு துண்டு. மறுபடி டிக்-டக், மறுபடி துண்டு. பத்துப் பன்னிரண்டு தடவை இதேதான். "இதுக்கா காசு?" என்று அம்மா அடுப்படியிலிருந்து கேட்டது அவர் காதிலும் விழுந்திருக்கும். அதன்பின் அவர் வாயே திறக்காமல் நின்றார். மல்லி அவரைச் சுற்றிச் சுற்றி வந்தது, முகர்ந்தது, குரைத்தது, அலுத்துப்போய்ப் பின்பக்கத்தைத் தரையில் வைத்தது. வைத்த அந்த நொடியில் டிக். கால் மணி நேரத்தில் மல்லி வேண்டுமென்றே உட்கார்ந்து அவர் முகத்தைப் பார்க்க ஆரம்பித்தது. "சிட்" என்ற சொல்லை அவர் அதுவரை ஒருமுறைகூடச் சொல்லவில்லை.

நாய் உட்கார்ந்ததைவிட அந்தச் சத்தம்தான் எனக்கு உறைத்தது. எட்டு வயதில் மாரியம்மன் திருவிழாக் கடையில் வாங்கிய தகரத் தவளையின் அதே சத்தம். வயிற்றுக்குள் ஒரு எஃகுத் தகடு. அமுக்கினால் டிக், விட்டால் டக். மூன்றாம் வகுப்பில் மேசைக்கு அடியில் அதை அமுக்கியதற்காக வாத்தியாரிடம் பிரம்படி வாங்கினேன். எனக்கு அடி வாங்கித் தந்த தவளை, அடியே இல்லாமல் நாய்க்குப் பாடம் நடத்துகிறது என்றால் அதன் பூர்வீகத்தைத் தேடத்தானே தோன்றும்? தேடினேன். கதை அமெரிக்காவில், ஒரு மாவு மில்லில், புறாவோடு தொடங்குகிறது. நாய் அதில் கடைசியாகத்தான் வருகிறது. ஏன் கடைசியாக வந்தது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

புறாவுக்கு முன்னால் கயிற்றைச் சொல்லிவிட வேண்டும். நாயைப் பழக்குவதென்றால் கழுத்தும் கயிறும் என்றே நெடுங்காலம் இருந்தது. 1910-இல் ஜெர்மானியப் போலீஸ் நாய்ப் பயிற்சியாளர் கொன்ராட் மோஸ்ட் எழுதிய கையேடு அதை ஒரு முறையாகவே வகுத்துக் கொடுத்தது. மோஸ்ட் வெறும் முரடர் இல்லை. செய்த காரியத்துக்கும் அதன் பலனுக்கும் இடையே நேரம் விழுந்தால் நாய் இரண்டையும் சேர்த்துப் புரிந்துகொள்ளாது என்பது அவருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. ஆனால் அந்தப் பலன் பல நேரம் சுண்டி இழுப்பாகவும் முள்பட்டையாகவும் இருந்தது. அவர் கையில் இருந்தவையும் காவலுக்கும் போருக்கும் போகும் பெரிய நாய்கள்.

வீட்டில் கொஞ்சி வளர்க்கும் நாய்க்கும் பள்ளிக்கூடம் வேண்டும் என்ற எண்ணம் ஒரு ரோஷத்தில் பிறந்தது. நியூயார்க் மாகாணத்தில் பூடில் வளர்த்துவந்தவர் ஹெலன் வைட்ஹவுஸ் வாக்கர். பூடில் என்றால் முடி அலங்காரம் செய்துகொண்டு நடக்கும் சொகுசுப் பிராணி, வேலைக்கு ஆகாது என்று மற்ற நாய்க்காரர்கள் கேலி செய்தார்கள். அம்மாள் 1933 அக்டோபரில் மவுண்ட் கிஸ்கோவில் தன் தந்தையின் நிலத்தில் ஒரு பரீட்சையே வைத்துவிட்டார். இங்கிலாந்தில் ஏற்கெனவே நடந்துவந்த தேர்வுகள்தான் மாதிரி. வந்தவை எட்டே நாய்கள். அமெரிக்காவில் எல்லா இனத்துக்கும் பொதுவாக நடந்த முதல் 'ஒபீடியன்ஸ்' தேர்வு அது. 1936-இல் அமெரிக்கன் கென்னல் கிளப் அதற்கு விதி எழுதி ஏற்றுக்கொண்டது. அடுத்த வருஷம் வாக்கரும் அவருடைய உதவியாளர் பிளான்ச் சாண்டர்ஸும் காருக்குப் பின்னால் டிரெய்லரை மாட்டிக்கொண்டு, மூன்று பூடில்களோடு பத்தாயிரம் மைல் சுற்றி ஊர் ஊராக வித்தை காட்டினார்கள். அந்தக் காலத்தில் இரண்டு பெண்கள் இப்படிக் கிளம்பியதற்கே தனிக் கட்டுரை எழுதலாம்.

உட்கார், இரு, கூடவே நட, கூப்பிட்டால் வா. இன்று மல்லிக்கு நாங்கள் சொல்லிக்கொடுப்பது அந்தப் பட்டியல்தான். சொல்லிக்கொடுத்த விதம் மட்டும் வேறு. கழுத்தில் இறுகும் சங்கிலி, நம் கடைகளில் 'சோக் செயின்' என்று கேட்டால் கிடைக்குமே, அதுதான் கருவி. தவறினால் ஒரு சுண்டு, சரியாகச் செய்தால் ஒரு தட்டிக்கொடுத்தல். 1962-இல் வில்லியம் கோலர் எழுதிய புத்தகம் இந்த வழியை அமெரிக்க வீடுகளில் இன்னும் ஆழமாக ஊன்றியது. கோலர் டிஸ்னி படங்களுக்கு நாய் பழக்கியவர். திரையில் நாயைப் பார்த்துச் சிரித்தவர்களுக்கு அவர் சொன்னது வேதவாக்காக இருந்ததில் வியப்பில்லை.

இப்போது புறா.

1943, மினியாபொலிஸ் நகரம். ஜெனரல் மில்ஸ் கம்பெனியின் மாவு மில்லில் மேல்மாடி. உளவியல் பேராசிரியர் பி.எஃப். ஸ்கின்னரும் அவருடைய மாணவர்கள் சிலரும் அங்கே புறாக்களுக்குக் குண்டு ஓட்டக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தார்கள். கேலி இல்லை. குண்டின் முனையில் புறா உட்கார்ந்திருக்கும். இலக்கின் உருவம் அதன் முன்னால் ஒரு திரையில் விழும். புறா அதைக் கொத்தும். கொத்து நடுவிலிருந்து விலகினால் குண்டு அந்தப் பக்கம் திரும்பிச் சரிசெய்துகொள்ளும். புறாவுக்குப் பஞ்சமில்லை. தானியம் சிந்தும் மில்லைச் சுற்றி அவை எப்போதும் பறந்துகொண்டிருந்தன. பணம் கொடுக்க வேண்டிய அதிகாரிகளுக்குத்தான் நம்பிக்கை வரவில்லை. 1944-இல் திட்டத்தை மூடிவிட்டார்கள். ஒரு புறாகூடப் போருக்குப் போகவில்லை.

ஆனால் அதிகாரிகளின் பதிலுக்காகக் காத்துக் கிடந்த ஒரு நாளில் அங்கே ஒரு காரியம் நடந்தது. பொழுது போகாமல், ஒரு புறாவுக்குப் பந்து உருட்டக் கற்றுக்கொடுத்துப் பார்க்கலாம் என்று இறங்கினார்கள். பெட்டிக்குள் ஒரு மரப்பந்து. அலகால் பக்கவாட்டில் ஒரு தட்டுத் தட்டினால் தானியம். தட்டும் என்று காத்திருந்தார்கள். புறா தட்டவே இல்லை. காத்துக் காத்துச் சலித்த பிறகு யோசனையை மாற்றினார்கள். முழுத் தட்டு வரட்டும் என்று நிற்க வேண்டாம். பந்தைப் பார்த்தாலே போதும், தானியம். அலகு பந்துப் பக்கம் போனால், தானியம். தொட்டால், தானியம். சில நிமிஷங்களில் பந்து பெட்டியின் நான்கு சுவர்களிலும் மோதித் தெறித்துக்கொண்டிருந்தது.

இதில் என்ன அதிசயம் என்று கேட்கலாம். அதுவரை ஸ்கின்னரின் ஆய்வுக்கூடத்தில் எலியும் புறாவும் இயந்திரத்தோடு வேலை செய்தன. எலி நெம்புகோலை அழுத்தும், இயந்திரம் உருண்டை போடும். மனிதர் ஓரமாக நின்று கணக்கெடுப்பார். அன்றுதான் ஒரு மனிதர் கையில் சுவிட்சை வைத்துக்கொண்டு, புறாவைக் கண்கொட்டாமல் பார்த்து, சரியான அசைவுக்குச் சரியான கணத்தில் கூலி கொடுத்தார். களிமண்ணைப் பிசைந்து பொம்மை பிடிப்பதைப்போல ஒரு உயிரின் நடத்தையைக் கையாலேயே வனையலாம் என்று ஸ்கின்னருக்குப் புலப்பட்டது. அந்த நாளைக் கடைசிவரை அவர் மறக்கவில்லை.

அந்தக் குழுவில் இருந்த கெல்லர் பிரேலண்ட், மரியன் பிரேலண்ட் தம்பதிக்கு வேறொன்றும் புலப்பட்டது. தானியத் தட்டு திறக்கும்போது டக்கென்று ஒரு சத்தம் வரும். தானியத்தைத் தின்பதற்கு முன்பே, அந்தச் சத்தத்திலேயே புறாவுக்குச் செய்தி போய்ச் சேர்ந்துவிடுகிறது. அப்படியென்றால் தட்டு பக்கத்தில் இருக்க வேண்டிய அவசியமே இல்லை. சத்தம் இப்போது, சாப்பாடு கொஞ்சம் கழித்து. செய்த கணத்துக்கும் தின்னும் கணத்துக்கும் நடுவே சத்தம் ஒரு பாலம். 'பாலம்' என்ற அந்தப் பெயரையே அவர்கள் வைத்தார்கள். கையில் எதை வைத்து அந்தச் சத்தத்தை எழுப்புவது? அமெரிக்காவில் சில்லறைக் காசுக்கு விற்ற தகர விளையாட்டுச் சாமான் ஒன்று கண்ணில் பட்டது. அவர்கள் ஊரில் அதன் பெயர் 'கிரிக்கெட்', அதாவது சிள்வண்டு. நம் திருவிழாத் தவளையின் பங்காளி.

அதே பங்காளிக்கு அதே காலத்தில் போர்க்களத்திலும் ஒரு வேலை கிடைத்தது. 1944 ஜூன் 6 விடியலுக்கு முன் நார்மண்டியில் பாராசூட்டில் குதித்த அமெரிக்க 101-ஆம் வான்படைப் பிரிவு வீரர்களுக்கு ஆளுக்கொரு பித்தளை டிக்டிக் கொடுத்திருந்தார்கள். இருட்டில் யாரோ நடமாடினால் ஒரு டிக். அந்தப் பக்கமிருந்து இரண்டு டிக் வந்தால் நம்மாள். அதைச் செய்து கொடுத்தது இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் விசில் செய்யும் ஆக்மி கம்பெனி. நாய் விசிலுக்கும் பேர்போன கம்பெனி அது. கதைக்கு இது நேர்ச் சம்பந்தமில்லை, சொல்லாமல் விட மனமில்லை.

பிரேலண்ட் தம்பதி பட்ட மேற்படிப்பை அப்படியே விட்டுவிட்டு, விலங்கு பழக்குவதையே தொழிலாக்கக் கிளம்பினார்கள். இளவட்டங்கள். மரியன் கல்லூரியில் லத்தீன் படித்தவர். நண்பர்கள் அவரை 'மவுஸ்' என்று கூப்பிடுவார்கள். முதலில் அவர்கள் போனது நாய்க்காரர்களிடம். அடிக்காமல், இழுக்காமல், சத்தத்தையும் தீனியையும் வைத்தே நாயைப் பழக்கலாம் என்றார்கள். நாய்க்காரர்கள் காது கொடுக்கவில்லை. ஆயிரக்கணக்கான வருஷமாக நாய் வளர்க்கும் மனித குலத்துக்கு எலி ஆய்வுக்கூடத்திலிருந்து இரண்டு பேர் வந்து பாடம் எடுப்பதாவது!

நாய்க்காரர்கள் மறுத்ததற்கு அகங்காரம் மட்டும் காரணம் என்று எனக்குத் தோன்றவில்லை. நாய்க்குக் கழுத்து இருக்கிறது. கயிறு கட்டலாம். இழுத்தால் வரும், அழுத்தினால் உட்காரும். சுமாராகவாவது வேலை நடக்கிறது. நடக்கிற வேலையை யார் மாற்றுவார்கள்? கயிறு கட்ட முடியாத பிராணிகளுக்குத்தான் புது வழி தேவைப்பட்டது. அதனால்தான் அடுத்த ஐம்பது ஆண்டு இந்தச் சத்தம் கோழி, பன்றி, முயல், டால்பின் என்று ஊரெல்லாம் சுற்றிவிட்டு வந்தது.

1947-இல் ஜெனரல் மில்ஸ் கம்பெனியின் தீவன விளம்பரத்துக்காக அவர்கள் பழக்கிய கோழிகள் மேடை ஏறின. ஒரு கோழி குட்டிப் பியானோவில் ராகம் கொத்தியது. ஒன்று சப்பாத்து மாட்டிக்கொண்டு ஆடியது. ஒன்று, பார்ப்பவர்கள் கேட்ட எண்ணிக்கையில் மர முட்டை 'இட்டது'. பிரிசில்லா என்ற பன்றி வானொலியைப் போட்டு, மேசையில் காலை உணவு உண்டு, அழுக்குத் துணியைப் பொறுக்கிக் கூடையில் போட்டு, கடைசியில் எந்தக் கம்பெனித் தீவனம் நல்லது என்றும் காட்டிக்கொடுத்தது. காட்டிய தீவனம் எப்போதும் காசு கொடுத்த கம்பெனியுடையதாகவே இருந்தது. பன்றியை அதற்குக் குறைசொல்ல முடியாது. பிறகு ஆர்கன்சாவின் ஹாட் ஸ்பிரிங்ஸ் ஊருக்குக் குடிபெயர்ந்து, 1955-இல் 'ஐ.க்யூ. ஜூ' என்ற காட்சிசாலையைத் திறந்தார்கள். அங்கே காசு போட்டால் கோழி உங்களோடு விளையாடும்.

அந்தத் தம்பதியிடம் எனக்குப் பிடித்தது இதுவல்ல. 1961-இல் அவர்களே தங்கள் தோல்விகளைத் தொகுத்து ஒரு கட்டுரை எழுதினார்கள். காசை உண்டியலில் போடப் பழக்கிய ரக்கூன், இரண்டு காசு கையில் கிடைத்ததும் போடாமல் கஞ்சன் மாதிரி உரசிக்கொண்டே உட்கார்ந்துவிட்டது. மரக்காசைக் கொண்டுவந்து போட்டுக்கொண்டிருந்த பன்றி, நாளாக நாளாக அதை வழியிலேயே போட்டு மூக்கால் கிளற ஆரம்பித்தது. தீனி கிடைக்காமல் போனாலும் பரவாயில்லை என்று பிறவிக் குணம் மேலே வந்துவிடுகிறது. கூலி கொடுத்து எதையும் செய்ய வைக்கலாம் என்று நம்பிய குருவின் சீடர்கள், அப்படியில்லை என்று அச்சில் சொன்னார்கள். ஸ்பிட்ஸ் வளர்ப்பவர்கள் இதை ஞாபகம் வைத்துக்கொள்வது நல்லது. வாசலில் ஆள் வந்தால் குரைப்பது அதன் ரத்தத்தில் இருக்கிறது. குறைக்கலாம், துடைத்தெடுக்க முடியாது.

குருவும் சும்மா இருக்கவில்லை. 1951 டிசம்பரில் 'சயின்டிஃபிக் அமெரிக்கன்' இதழில், விலங்குகளுக்குக் கற்பிப்பது எப்படி என்று பொதுமக்களுக்காக ஒரு கட்டுரை எழுதினார் ஸ்கின்னர். கடையில் விற்கும் கிரிக்கெட் பொம்மை ஒன்றை வாங்குங்கள், அதன் சத்தத்தையும் தீனியையும் முதலில் சேர்த்துவையுங்கள், பிறகு நாயை அலமாரிக் கைப்பிடியைத் தொட வையுங்கள் என்று படிப்படியாகச் சொல்லிக்கொடுத்தார். எங்கள் வீட்டுக்கு வந்த தம்பி மல்லிக்குச் செய்த அதே காரியம், அதே வரிசை. மல்லி பிறப்பதற்கு எழுபது வருஷம் முன்பே செய்முறை அச்சாகிக் கிடந்திருக்கிறது. படித்தவர்கள் ரசித்துவிட்டு இதழை மடித்து வைத்துவிட்டார்கள் போலும்.

கதை திரும்பியது கடலில். 1955-இல் புளோரிடாவின் மரீன்லேண்ட் நீர்க்காட்சி சாலைக்காக பிரேலண்ட் தம்பதி டால்பின் பழக்கும் கையேடு ஒன்றை எழுதிக்கொடுத்தார்கள். டால்பினைப் பிடித்து இழுக்கக் கயிறு கட்டும் இடமே கிடையாது. கத்தினால் அது குளத்தின் அந்தக் கோடிக்குப் போய்விடும். அங்கே டிக்குக்குப் பதில் விசில். தாவலின் உச்சியில் ஒரு விசில், வந்தவுடன் மீன்.

1963-இல் ஹவாயில் திறக்க இருந்த சீ லைஃப் பார்க்குக்கு டால்பின்கள் வந்துசேர்ந்துவிட்டன; பழக்கச் சரியான ஆள் இல்லை. உரிமையாளரின் மனைவி கரேன் பிரையர் இறங்கினார். மட்டக்குதிரையும் நாயும் பழக்கிய அனுபவம் மட்டும்தான் அவருக்கு. குதிரைக்குக் கடிவாளம், நாய்க்குக் கயிறு; டால்பினுக்கு இரண்டும் இல்லை. கைக்குக் கிடைத்த ஒரு கையேட்டைப் படித்து, விசிலும் மீனும் வைத்து வேலையை ஆரம்பித்தார். பிறகு ஒரு பெண் டால்பினிடம், நேற்றுச் செய்ததைச் செய்தால் மீன் இல்லை, புதிதாக ஏதாவது செய்தால்தான் என்று விதி வைத்தார்கள். கொஞ்ச நாள் குழம்பிய டால்பின், பிறகு யாரும் கண்டிராத சாகசங்களைத் தானே உருவாக்கிக் காட்டத் தொடங்கியது. 1969-இல் இது ஆய்விதழில் வந்தது. தண்டனைக்குப் பயப்படும் பிராணி புதிதாக எதையும் முயன்று பார்க்காது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியவில்லை. நானும் பிரம்படிக்குப் பிறகு வகுப்பில் கை தூக்கியதில்லை.

1984-இல் பிரையர் எழுதிய புத்தகத்தின் பெயர் 'டோன்ட் ஷூட் தி டாக்'. பெயரில் நாய் இருந்தாலும் உள்ளே பெரும்பகுதி மனிதர்கள்தான்: பிள்ளைகள், கணவன், அறைத்தோழர், ஆபீஸ். ஆனாலும் பெயரைப் பார்த்து நாய்க்காரர்கள் வாங்கிவிட்டார்கள். வாங்கியவர்கள் தேடிவந்து கேள்வி கேட்டார்கள். 1992-இல் சான்பிரான்சிஸ்கோ பக்கம் நாய்ப் பயிற்சியாளர்களுக்காக ஒரு கருத்தரங்கு. பிரையரோடு மேடையில் இருந்தவர் கேரி வில்க்ஸ். விலங்குக் காப்பகங்களில் வேலை பார்த்து, அங்கே வந்து சேரும் நாய்களின் கதியைக் கண்ணால் கண்டவர். சிறிய பிளாஸ்டிக் டிக்டிக் பெட்டிகள் அங்கே கைமாறின. 'கிளிக்கர்' என்ற பெயர் அந்தப் பெட்டிக்கு ஒட்டிக்கொண்டது. மாவு மில்லிலிருந்து நாயின் வாசலுக்கு வந்துசேர அந்தச் சத்தத்துக்கு 49 வருஷம் ஆகியிருந்தது.

நாய்களிலும் சின்ன நாய்க்கு இன்னும் தாமதம். அதற்குக் காரணம் கயிறுகூட இல்லை, நம் கை. அல்சேஷன் ஆள்மேல் பாய்ந்தால் மறுநாளே டிரெய்னரைத் தேடுகிறோம். ஐந்து கிலோ நாய் பாய்ந்தால் தூக்கி இடுப்பில் வைத்துக்கொள்கிறோம். குரைத்தால் தூக்குகிறோம், வராவிட்டால் தூக்குகிறோம், விருந்தாளி வந்தால் தூக்கி உள்ளறையில் விடுகிறோம். 2010-இல் வியன்னா ஆய்வாளர்கள் நாய் வளர்ப்பவர்களிடம் கேட்டுத் தொகுத்ததில், சின்ன நாய்கள் பெரிய நாய்களைவிடச் சொல்பேச்சுக் கேட்பது குறைவு, சீறுவதும் பதறுவதும் அதிகம் என்று தெரிந்தது. கூடவே இன்னொன்றும்: சின்ன நாய் வளர்ப்பவர்கள் இன்றைக்கொன்று நாளைக்கொன்று என்று நடந்துகொள்கிறார்கள், பயிற்சியும் குறைவாகவே கொடுக்கிறார்கள். அடிக்கடி தண்டிக்கப்பட்ட சின்ன நாய்களிடம் பயமும் கூடுதலாக இருந்தது. குற்றவாளி யார் என்று மல்லியைக் கேட்டால் சொல்லும்.

இன்னொரு பக்கம், சின்ன நாயின் கழுத்து சுண்டி இழுக்கத் தோதானதே இல்லை. பொமரேனியன், யார்க்‌ஷயர் டெரியர், சிவாவா, டாய் பூடில் போன்ற குட்டி இனங்களில் மூச்சுக்குழாயைத் தாங்கும் குருத்தெலும்பு வளையங்கள் தளர்ந்துபோகும் நோய் அதிகம். குழாய் சப்பிப்போய், வாத்து கத்துவதுபோல் இருமும். கழுத்துப் பட்டையில் இழுத்தால் இருமல் கிளம்பும். அதனால்தான் மருத்துவர்கள் இந்த இனங்களுக்கு மார்போடு மாட்டும் பட்டையைப் போடச் சொல்கிறார்கள். ஆக, கயிறு ஆகாத பிராணிகளின் வரிசையில் டால்பினுக்குப் பக்கத்தில் நிற்க வேண்டியது எங்கள் வீட்டு மல்லி. எனக்கு இது தெரிந்தபோது அதற்கு மூன்று வயது. அதுவரை எத்தனை முறை சங்கிலியைச் சுண்டியிருப்பேன் என்று எண்ணிப் பார்க்க மனம் ஒப்பவில்லை.

பெட்டிக்குள் மந்திரம் ஒன்றும் இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். 2016-இல் இத்தாலியில் 51 நாய்களை மூன்று குழுவாகப் பிரித்து, ரொட்டிப் பெட்டியின் கைப்பிடியை மூக்கால் தள்ளித் திறக்கப் பழக்கினார்கள். ஒரு குழுவுக்கு கிளிக்கர், ஒரு குழுவுக்கு 'பிராவோ' என்ற வாய்ச்சொல், ஒரு குழுவுக்கு வெறும் தீனி. மூன்று குழுவும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் கற்றன. கிளிக்கர் விற்பவர்கள் இதைப் பெட்டியின் மேல் அச்சடிக்க மாட்டார்கள். என் அனுபவத்தில் கிளிக்கர் நாயைவிட என்னைத்தான் அதிகம் பழக்கியது. சரியான கணத்தில் அமுக்க வேண்டுமென்றால் அந்தக் கணத்துக்காகக் காத்திருக்க வேண்டும். காத்திருக்க வேண்டுமென்றால் நாயைப் பார்க்க வேண்டும். மூன்று வருஷம் வீட்டில் வைத்திருந்தும் மல்லி உட்காருவதற்கு முன் காதை லேசாகப் பின்னுக்கு மடிக்கும் என்பது எனக்குத் தெரியாது. இப்போது தெரியும்.

ஆரம்பத்தில் நான் செய்த தப்புகளையும் சொல்லிவிடுகிறேன். நாயைக் கூப்பிட டிக் அடித்தேன், கூடாது. கூப்பிடுவதற்கு அல்ல, செய்ததற்கு ரசீது அது. உட்கார்ந்து எழுந்த பிறகு டிக் அடித்தேன். எழுந்ததற்குக் கூலி கொடுத்ததாகிவிட்டது. இரண்டு நாளில் மல்லி உட்காருவதும் எழுவதுமாகத் தோப்புக்கரணம் போட்டது. காதருகே அடித்தபோது மிரண்டு கட்டிலுக்கு அடியில் போய்விட்டது. பெட்டியைச் சட்டைப் பைக்குள் வைத்து அமுக்கியபின் சரியானது. தீனியைப் பெரிய துண்டாகக் கொடுத்ததில் வயிறு நிரம்பிப் பத்து நிமிஷத்தில் பாடம் முடிந்தது. ஐந்து கிலோ நாய்க்கு அரைப் பட்டாணி போதும். முக்கியமான விதி ஒன்று உண்டு: தவறுதலாக டிக் அடித்துவிட்டாலும் துண்டைக் கொடுத்தாக வேண்டும். ஒருமுறை ஏமாற்றினாலும் அந்தச் சத்தத்தின் மதிப்பு குறையும்.

இந்த விதியால் எங்கள் வீட்டில் ஒரு சிக்கல். எங்கள் கூடத்துச் சுவரில் ஒரு பல்லி குடியிருக்கிறது. அது சொன்னால் அம்மா வழக்கம்போல் தரையில் விரலால் தட்டிக் கும்பிட்டுக்கொள்வார். மல்லி எங்கிருந்தாலும் ஓடிவந்து சுவருக்கு முன்னால் நிமிர்ந்து உட்காருகிறது. பல்லி ஒன்றும் கொடுப்பதில்லை. கொடுப்பது நான்தான்.